மாற்றுக்காவல்

தூங்குகிறவர்களைத் தொடக் கூடாது. புதுக்கொற்கைக்கும் கீழ்முனைக்கும் பொதுவாக இருந்த ஒரே சட்டம் அதுதான். மற்றச் சட்டங்களையெல்லாம் இரண்டு ஊரும் போட்டி போட்டுக்கொண்டு உடைத்திருந்தோம். அவர்கள் எங்கள் எண்ணெய்த் தொட்டிக்குத் தீ வைத்தார்கள். நாங்கள் அவர்களுடைய படகுத்துறையை வெடி வைத்துத் தகர்த்தோம். அதில் அவர்கள் ஆட்கள் செத்த அன்றைக்கு எங்கள் தெருவில் பாயசம் காய்ச்சினார்கள்.

இத்தனைக்கும் எல்லாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கரைகளைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, பனி உருகி வெளியே வந்த தென்துருவக் கரையில் இடம் தருகிறோம் என்று கூட்டு அரசாங்கம் கூப்பிட்டது. தெற்கு எமனுடைய திசை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த சனம், அதற்கு மேல் தெற்கே இல்லை என்கிற இடத்தில் வந்து இறங்கியது. கப்பலில் குடிதண்ணீர் வரிசையில் ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டையில் இந்தப் பக்கம் நின்றவர்கள் புதுக்கொற்கையில் இறங்கினார்கள், அந்தப் பக்கம் நின்றவர்கள் கீழ்முனையில். சாதிச் சண்டையோ மதச் சண்டையோ போட எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய சண்டை ஒன்று கிடைத்துவிட்டது. எது வட்டத் தலைமையிடம் என்கிற சண்டை.

தலைமையிடம் என்றால் ஒரு கொடிக்கம்பமும் நாலு நாற்காலியும்தானே, அதற்கா வெட்டிக்கொள்வார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே வருஷத்தில் பாதி இருட்டு. அந்த இருட்டில் ஊர் முழுக்க விழித்திருந்தால் தின்னவும் எரிக்கவும் கட்டுபடியாகாது. அதனால் நாங்கள் தூங்குகிறோம். சித்திரையில் உறக்க மருந்தை ஏற்றிக்கொண்டு படுத்தால் புரட்டாசிக் கடைசியில்தான் எழுந்திருப்போம். உடம்பு சில்லிட்டுப் போகும், நெஞ்சு நின்று நின்று அடிக்கும், பசி இல்லை, கனவுகூட இல்லை. கும்பகர்ணன் வரம் என்று கேலி செய்வோம். அந்த மருந்து வருஷத்துக்கு ஒரு கப்பலில் வரும். எந்த ஊர் தலைமையிடமோ அந்த ஊர்க் கிடங்கில் இறங்கும். அந்த ஊர்ச் சபை பங்கு பிரிக்கும். மருந்து கிடைக்காதவன் குளிர்காலம் முழுக்க விழித்திருக்க வேண்டும். அப்படி விழித்திருந்து மறு வெயிலைப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது புரிந்திருக்கும். அது நாற்காலிச் சண்டை இல்லை.

கடைசியில் அரசாங்கம் வாக்கெடுப்பு என்று அறிவித்தது. இருட்டுக்காலம் முடிந்து சூரியன் தலை காட்டும் நாளில் அதிகாரிகள் விமானத்தில் இரண்டு ஊருக்கும் வருவார்கள். அன்றைக்கு விழித்திருக்கிறவர்கள் தங்கள் ஊருக்கு வாக்களிக்கலாம். இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு சனம். ஆக, எந்த ஊர் நேரத்துக்கு எழுந்திருக்கிறதோ அந்த ஊர் ஜெயிக்கும்.

எழுப்புவது யார்? இங்கேதான் எங்கள் வழக்கம் வருகிறது. தூங்குகிற ஊரை ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்த ஊர்க்காரரை வைத்தால் எதிரூர்க்காரன் இருட்டில் வந்து அவரை மடக்கிவிடுவான் என்று பயம். அதனால் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதைப் போலக் காவலை மாற்றிக்கொண்டோம். எங்கள் ஊர் ஆள் ஒருவர் கீழ்முனையில் குளிர்காலம் முழுக்க விழித்திருப்பார். அவர்கள் ஊர் ஆள் ஒருவர் புதுக்கொற்கையில் விழித்திருப்பார். என் பிள்ளை உன் கையில், உன் பிள்ளை என் கையில். யாராவது கை வைப்பானா? மாற்றுக்காவல் என்று பெயர். எத்தனையோ வருஷமாக ஒரு பழுது வந்ததில்லை.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் காவலாகக் கீழ்முனைக்குப் போனவள் நான், பிரகாசி. எங்கள் சபைத் தலைவர் சிலுவை என் கூடப்பிறந்த அண்ணன். "சொந்தத் தங்கச்சியவே அனுப்புதேன், இதுக்கு மேல என்ன நம்பிக்கை வேணும்?" என்று இரண்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொன்னான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கிளம்புகிற அன்று என் மகள் ஜெசிந்தாவுக்கு, எங்கள் சிந்தாவுக்கு, நானே மருந்தை ஏற்றினேன். ஏழு வயது. பக்கத்துப் படுக்கையில் என் புருஷன் தொம்மை. அவருக்கும் நானே ஏற்றினேன். இரண்டு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டு, முத்தம் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன்.

கீழ்முனை ஆள் இசக்கிமுத்து. என்னைவிடச் சின்னவன், வாயாடி. இரண்டு பேரும் தினமும் ஒயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வோம். விழித்திருக்கிறவனுக்கு இன்னொரு விழித்திருக்கிற ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அவன் என் மகளைப் பற்றிச் சொல்வான், நான் அவன் மகனைப் பற்றிச் சொல்வேன்.

"என்னத்த யக்கா சொல்ல, உங்க மவ ஐஸ் பெட்டியில வச்ச வஞ்சிரம் மாதிரி சில்லுன்னு கெடக்கா!" என்பான். எனக்கு மனசு குளிர்ந்துவிடும். எங்கள் வேலையில் சில்லென்று இருந்தால் நலம். நடுக்காலத்தில் உடம்பு சுட்டால் மருந்து எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். உடம்பு விழிக்கும், நெஞ்சு விழிக்காது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்தை மாற்றாவிட்டால் ஆள் போய்விடும். எனவே தினமும் ஒவ்வொரு படுக்கையாகப் போய்க் கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்போம். புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்போம், எண்ணெய் தேய்ப்போம். எதிரியின் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துப் பாருங்கள். அவனுக்கும் அங்கே ஒரு மச்சம் இருக்கும், ஒரு பழைய தழும்பு இருக்கும். அதற்கு மேல் பகை பிடித்து வைப்பது கஷ்டம்.

ஆடியில் ஒரு பெரிய புயல் அடித்தது. சில நாள் ஒயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும். நான் செபமாலையை உருட்டிக்கொண்டு கிடந்தேன். பிறகு இசக்கிமுத்து வந்தான். "யக்கா, நல்லா இருக்கியளா? சாப்பிட்டியளா?" என்று கேட்டான். அழுதேவிட்டேன்.

அதற்குப் பிறகு அவனிடம் ஒரு மாற்றம். கேலி குறைந்தது, கனிவு கூடியது. முன்பெல்லாம் நான் புலம்ப ஆரம்பித்தால் "யக்கா, பேட்டரி தீருது" என்று கழன்றுகொள்வான். இப்போது எவ்வளவு நேரமானாலும் கேட்டான். புயலில் பயந்திருப்பான், பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். தொம்மை குடிப்பதை, அண்ணன் பேச்சைக் கேட்டு ஆடுவதை, சிந்தா பிறந்தபோது நான் சாகக் கிடந்ததை, அவளுக்கு மட்டும் பாடுகிற தாலாட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். கூடப்பிறக்காத தம்பி என்று நினைத்தேன்.

புரட்டாசி வந்தது. வானத்தின் ஓரத்தில் வெளுப்பு தெரிய ஆரம்பித்தது. எழுப்புகிற வேலைக்குக் கஞ்சி மாவு, சுக்கு, உப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு ஒயர்லெஸ்ஸைப் போட்டேன்.

"சிந்தா எப்படி இருக்கா தம்பி?"

"தங்கமா இருக்கா யக்கா. இப்பதான் கையப் பிடிச்சுப் பாத்தேன். நல்லா கதகதன்னு இருக்கு."

"என்னது?"

"கதகதன்னு இருக்கா யக்கா. நீங்க கவலப்படாதிய."

"ஏலே, இதுல விளையாடாத. சூடாவா இருக்கா? போ, மருந்துக் குழாயப் பாரு. ஓடு!"

கொஞ்சம் இடைவெளி விட்டுக் குரல் வந்தது. "பாத்துட்டேன் யக்கா. நல்ல சூடு. முகத்துல ஒரு தெளிச்சி."

காவல் இருக்கிற எவனும் விளையாட்டுக்குக்கூட இப்படிச் சொல்லமாட்டான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஒரு தாயைச் சமாதானப்படுத்த நினைக்கிற, குளிர்காலத்தில் ஒருநாளும் விழித்திருக்காத ஆள்தான் இப்படிச் சொல்வான்.

"ஏலே இசக்கி, உடம்பு சுட்டா என்ன செய்யணும்? நமக்கு மொத நாள் சொல்லிக்குடுத்தது என்ன? சொல்லு."

"நீங்க சாப்பிட்டியளா யக்கா?"

என் வாயில் வராத வார்த்தை எல்லாம் அன்றைக்கு வந்தது. அங்கே யார் இருக்கிறீர்கள், என் பிள்ளை சாகிறாள், யாராவது வாருங்கள் என்று கூப்பாடு போட்டேன். ஊரே தூங்குகிறது என்று தெரிந்தும் கூப்பாடு போட்டேன்.

"பிரகாசி, கத்தாத. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. சில்லுன்னுதான் இருக்கா. நான் இப்ப தொட்டுப் பாத்துட்டுத்தான் வாறேன்."

போன உயிர் திரும்பி வந்தது. சில்லென்று இருக்கிறாள். அது போதும் என்று தரையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் பேசியது யார் என்பது மண்டையில் ஏறியது.

"என்னங்க? நீங்க எப்படி முழிச்சிய?"

"அத விடு," என்றார் தொம்மை.

"நான்தான உங்களுக்கு மருந்து ஏத்தினேன்?"

"அது வெறும் உப்புத் தண்ணி, பிரகாசி. அண்ணன்தான் மாத்தி வச்சாரு. நாங்க ஒரு பத்துப் பேரு தூங்கவே இல்ல. இசக்கிக்குக் குடுத்த கணக்குல எங்க பேரு இல்ல, கெடங்குல ஒளிஞ்சிருந்தோம்."

நான் நெற்றியில் முத்தம் கொடுத்தபோது இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு நடித்திருக்கிறார். அந்த ஒன்றை இன்றுவரைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

"இசக்கிமுத்து எங்க?"

இப்போது அண்ணன் வந்தான். "ஏளா பிரகாசி, நான் சொல்லுததப் பொறுமையாக் கேளு. அந்தப் பய சும்மா இருந்திருக்கலாம். ஆடியில எங்களப் பாத்துட்டான். பாத்ததும் ஒயர்லெஸ்ஸப் பாத்து ஓடினான், உனக்குச் சொல்லத்தான். பிடிச்சு வெளிய தள்ளிக் கதவச் சாத்தினோம். கொஞ்சம் பயமுறுத்தத்தான். அன்னைக்குப் பாத்து அந்தப் புயலு."

"செத்துட்டானா?"

"விதி."

"அப்ப நான் இத்தன நாளும் யார்கிட்ட பேசினேன்?"

தொம்மைதான் விளக்கினார். ஏதோ புதிதாக வலை பின்னுகிற விதத்தைச் சொல்லிக்கொடுப்பதைப் போல விளக்கினார். "பள்ளிக்கூடத்துல ஒரு குரல் எந்திரம் இருக்குல்ல, பிள்ளைகளுக்குக் கதை சொல்லுதது. நீங்க ரெண்டு பேரும் பேசினது எல்லாம் பதிவாகி இருந்துச்சு. அத அதுக்குக் குடுத்தோம். குடுத்தா, அவன மாதிரியே பேசுது. நீ என்ன கேட்டாலும் அதுவே பதில் சொல்லிக்கிடும். பக்கத்துல நான் இருந்து பாத்துக்கிடுவேன்."

"பக்கத்துல நீங்க இருந்தியளா? தினமுமா?"

"ஆமா."

அவர் குடிப்பதைப் பற்றி நான் அழுததையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். செத்த பிறகு இசக்கிமுத்துவுக்கு வந்த கனிவின் ரகசியம் இதுதான்.

"உன்கிட்ட முதல்லயே சொல்லியிருப்பேன்," என்றான் அண்ணன். "உனக்குப் பொய் சொல்ல வராது. சரி, போனது போகட்டும். நீ ஒண்ணு செய். சூரியன் வந்து மூணு நாள் கழிச்சு அவங்கள எழுப்பு. மருந்துல கோளாறுன்னு சொல்லிக்கிடலாம்."

"மருந்து தீந்து மூணு நாள் கெடந்தா பிள்ளைகளும் வயசாளிகளும் தாங்காது அண்ணே. உனக்குத் தெரியாதா?"

"நாலஞ்சு பேரு போவாவ. முத்தையா கையில தலைமையிடம் போச்சுன்னா நம்மள்ல எத்தன பேரு போவோம்? அடுத்த சித்திரைல சிந்தாவுக்கு ஊசி கெடையாதும்பான். அப்ப என்ன செய்வ? பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு இருட்டுல குந்தியிருப்பியா?"

முத்தையா கீழ்முனைச் சபைத் தலைவர். அண்ணன் சொன்னது பொய்யில்லை. அவன் பொய்யை மட்டும் சொல்லி ஏமாற்றுகிற ஆள் இல்லை, உண்மையையும் கலந்துதான் கொடுப்பான்.

"எழுந்ததும் அவங்க ஆளு எங்கன்னு என்னத்தான கேப்பாவ?"

"அதுக்கு முன்ன வண்டி அனுப்பி உன்னக் கூட்டிக்கிடுவேன்."

இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள பாதை உறைந்த கடலின் மேல் போகிறது. புரட்டாசியில் அது பிளந்து கிடக்கும். வண்டி இறங்காது, படகும் ஓடாது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

"என்னங்க," என்றேன் தொம்மையிடம். "வண்டி வருமா?"

"வரும்," என்றார்.

ஒயர்லெஸ்ஸை அணைத்தேன்.

கீழ்முனைக் கூடத்தில் வரிசை வரிசையாக அவர்கள் கிடந்தார்கள். இன்னும் இரண்டு நாளில் எழுப்ப ஆரம்பித்தாக வேண்டும். நான் நடந்தேன். ஒரு கைக்குழந்தையைத் தாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூன்று நாள் தாமதித்தால் முதலில் போவது அதுதான். அதன் கழுத்தில் விரல் வைத்தேன். சில்லென்று இருந்தது. நான் பெரிய நீதிமான் ஒன்றும் இல்லை. இவர்களை நேரத்துக்கு எழுப்பினால் என் ஊர் தோற்கும், என் மகளுக்கு மருந்து இல்லாமல் போகலாம், இவர்கள் என்னைக் கொல்லவும் கொல்லலாம். எல்லாம் தெரியும். இரக்கத்தில் நான் எழுப்பினேன் என்று சொன்னால் அது பொய். ஆத்திரத்தில் எழுப்பினேன். கூடப்பிறந்தவனும் கட்டினவனும் சேர்ந்து என்னை இங்கே பலி ஆடாகக் கட்டிப்போட்டுவிட்டு, சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் நினைத்தது நடக்கக் கூடாது. அவ்வளவுதான்.

முறைப்படி முதலில் சபைத் தலைவரைத்தான் எழுப்ப வேண்டும். நான் இசக்கிமுத்துவின் பெண்டாட்டி பேச்சித்தாயை எழுப்பினேன். உடம்பு சூடேறி, கண் திறந்து, உப்புக் கஞ்சி நாலு கரண்டி உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தாள். கஞ்சிச் சட்டியை எடுத்து என் முகத்தில் அடித்தாள். ஆறு மாதம் தூங்கிய கை, வலு இல்லை. அந்த வலு இல்லாததைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபின் அவள் சொன்னதுதான் எனக்கு இரண்டாவது அடி.

"எங்க தலைவரும் இதையேதான் அவருகிட்டச் சொல்லி அனுப்பினாரு மைனி. உங்க ஊர நாள் தள்ளி எழுப்பச் சொன்னாரு. இவரு சரி சரின்னு தலைய ஆட்டிட்டு வந்து, 'பச்சப் பிள்ளைக தூங்குது பேச்சி, என்னால முடியாது'ன்னாரு. அப்படிப்பட்ட ஆள..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். என் மூக்கிலிருந்து ரத்தம் அவள் தலையில் வடிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் ஒயர்லெஸ்ஸைப் போடச் சொன்னாள். அந்தப் பக்கம் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, நான் இசக்கிமுத்து பொஞ்சாதி பேசுதேன். திட்டவோ சபிக்கவோ வரல. அவரு குரல்ல அந்த எந்திரத்த ஒருக்கா பேசச் சொல்லுங்க. என் பேரச் சொல்லி ஒருக்கா. கேட்டுட்டு வச்சிருதேன்."

அண்ணன் இணைப்பைத் துண்டித்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கீழ்முனையை எழுப்பினோம். முத்தையா எழுந்ததும் என்னை நாற்காலியில் கட்டிவைத்தார். இளவட்டங்கள் என்னைக் கடலில் போடலாம் என்றார்கள். பேச்சித்தாய் தன் மகனை என் மடியில் உட்காரவைத்துவிட்டு, "இவ நினைச்சிருந்தா நீங்க எல்லாரும் இன்னும் கெடந்திருப்பிய. தொடுதவன் முதல்ல என் பிள்ளையத் தொடட்டும்," என்றாள். யாரும் தொடவில்லை. சூரியன் வந்தது. அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் விடாமல் வாக்களித்தார்கள். புதுக்கொற்கையில் எழுப்பத் தெரியாதவர்கள் அவசரமாக எழுப்பியதில் சிலரால் எழுந்து நிற்க முடியவில்லை, அவர்கள் வாக்கு விட்டுப் போனது. கீழ்முனை தலைமையிடம் ஆனது.

இசக்கிமுத்து கொலையைப் பற்றி நான் அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தேன். மரியாதையான மனிதர், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா, உடல் இல்லை. அவர் செத்தது ஆடி மாதம் என்கிறீர்கள். புரட்டாசி வரைக்கும் அவர் உங்களோடு பேசியதற்குப் பதிவு இருக்கிறதே," என்றார்.

"அது எந்திரம் ஐயா."

"புதுக்கொற்கைக்காரர்கள் அது இசக்கிமுத்துதான் என்கிறார்கள். வாக்கெடுப்புக்கு முந்தின நாள்தான் பனிப் பிளவில் விழுந்துவிட்டாராம். உங்கள் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

என் ஊரில் நான் துரோகி ஆனேன். கடல் திறந்ததும் படகில் போனேன். கரையிலிருந்து சுட்டார்கள். யாரோ தெரியாதவர்கள் இல்லை, எனக்குக் கல்யாணத்தில் மொய் வைத்தவர்கள்.

முத்தையா தலைமையிட நாற்காலியில் உட்கார்ந்து செய்த முதல் வேலை, புதுக்கொற்கையின் மருந்துப் பங்கைக் குறைத்தது. அண்ணன் சொன்னபடியே. நான் அவர் காலில் விழுந்தேன். என் மகளுக்கு ஒரு பங்கு தனியாக அனுப்புங்கள் என்று கேட்டேன்.

"அனுப்புதேன். உங்க அண்ணன் அத அவளுக்குக் குடுப்பாம்னு நம்புதியா?" என்றார்.

நம்பவில்லை. குறைந்த மருந்தில் யார் தூங்குவது, யார் விழித்திருப்பது என்று அவன்தான் முடிவு செய்வான். துரோகி மகளுக்கு அங்கே என்ன இடம் இருக்கும்?

"பிள்ளைய இங்க வரச் சொல்லு. இங்க படுக்க வச்சிக்கிடு," என்றார் முத்தையா. அவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

அரசாங்கம் நடுவில் நின்று பேசியது. பிள்ளை தானாக விரும்பி வந்தால் அனுப்புகிறோம் என்று புதுக்கொற்கைச் சபை ஒத்துக்கொண்டது. அண்ணன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதை நான் கவனித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கவனிக்கவில்லை. பேச்சித்தாய் பங்குனிக் கடைசியில், கடல் உறைவதற்கு முன்னால், ஒரு படகை ஏற்பாடு செய்தாள். தன் மகன் படுக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு படுக்கை போட்டாள். பிள்ளையிடம் ஒருமுறை பேசி, வருகிறாயா என்று நான் கேட்க வேண்டும், அவள் சரி என்று சொல்ல வேண்டும், அதிகாரி அதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

இணைப்பு கிடைத்தது. அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சிந்தா?"

"யாரு?"

ஒரு வருஷமாகக் கேட்காத குரல். கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"அம்மாடி, நான் அம்மா பேசுதேன்."

"மாமா அப்பவே சொன்னாவ," என்றாள் சிந்தா. "கீழ்முனைக்காரங்க எங்கம்மா குரல்ல ஒரு எந்திரம் வச்சிருக்காங்களாம். கூப்பிடுமாம். போனா பிடிச்சு வச்சிக்கிடுவாங்களாம்."

"இல்லம்மா. நான்தான். உண்மையா நான்தான். நீ பொறந்தப்ப அம்மா சாகக் கெடந்தேனே, அப்பா சொல்லலியா? உனக்கு மட்டும் ஒரு தாலாட்டுப் பாடுவேனே, பாடவா?"

"அதெல்லாம் எங்கம்மா எனக்கு தினமும் சொல்லுதாவ. பாட்டும் பாடுதாவ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. எங்கள் இரண்டு பேர் பேச்சும் பதிவாகி இருந்தது என்றுதானே தொம்மை சொன்னார்.

"எந்த அம்மா? ஏளா, எந்த அம்மா? எங்க இருக்கா அவ?"

"தூரத்துல வேலைக்குப் போயிருக்காவ. தினமும் ஒயர்லெஸ்ல பேசுவாவ. நான் தூங்குதவரைக்கும் பேசுவாவ."

"அது நான் இல்ல சிந்தா! அது உங்க மாமா வச்ச எந்திரம்! உங்கப்பனக் கூப்பிடு, அந்த ஆளக் கூப்பிடு, அவரு வாயால சொல்லச் சொல்லு!"

அதிகாரி என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மகள் பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தினேன். மருந்து இல்லம்மா, செத்துப்போயிருவ, வந்துரும்மா என்று கத்தினேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் சொன்னாள், பயந்த குரலில், ஆனால் மரியாதையாக: "நீங்க எங்கம்மா மாதிரியேதான் பேசுதிய. ஆனா எங்கம்மா கத்த மாட்டாவ."

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, அந்த அறையின் வேறு மூலையிலிருந்து என் குரல் கேட்டது. நிதானமான, களைப்பே இல்லாத, நான் ஒருநாளும் அவளிடம் பேச முடியாத கனிவான குரல்.

"சிந்தா, யாரும்மா லைன்ல?"

"யாருமில்லம்மா," என்று சொல்லிவிட்டு என் மகள் வைத்துவிட்டாள்.